இன்ஷிராஹ் எழுதாமல் விட்ட நான்காவது விதி

எகிப்தின் கிர்கா நகரத்துப் பெண்கள் நடுநிலைப் பள்ளியில் கணினி அறை எப்போதும் பூட்டித்தான் இருக்கும். சாவி கணினி ஆசிரியை இன்ஷிராஹிடம். உள்ளே இருக்கும் பதினாறு கணினிகளும் அவள் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்றவை. ஒன்று பழுதானாலும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடங்களாக அவற்றின் உறையைக்கூட அவள் கழற்றவில்லை.

இணையப் பாடத்தைக் கரும்பலகையில் நடத்தினாள். நீளமாக ஒரு பெட்டி வரைவாள். பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வந்து, தேட வேண்டியதை அதற்குள் எழுத வேண்டும்.

"பரீட்சை ரத்து" என்று எழுதினாள் நவ்வாரா. பதிமூன்று வயது. அழுத்தி எழுதியதில் சாக்பீஸ் ஒடிந்தது.

"நெட் கட்டாயிடுச்சு அப்லா!" பின்வரிசை சிரித்தது. அங்கே டீச்சரை அப்லா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இந்தாடி, ரீசார்ஜ்," என்று புது சாக்பீஸ் கொடுத்தாள் இன்ஷிராஹ்.

தேடல் முடிந்ததும் விதிகள். முழுப்பெயர் கொடுக்காதே. படம் அனுப்பாதே. தெரியாதவனுக்குப் பதில் எழுதாதே. நான்காவது, யாராவது மிரட்டினால் வீட்டுப் பெரியவரிடம் உடனே சொல். வகுப்பே சேர்ந்து ஒப்பிக்கும். நவ்வாராவின் குரல் தனியாகக் கேட்கும்.

மார்ச்சில் அவள் வரவில்லை. மூன்று வாரம் கழித்து, அவள் பக்கத்தில் உட்காரும் தஹானி சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. அக்கா கல்யாணப் படத்திலிருந்து நவ்வாராவின் முகத்தை எவனோ வெட்டி, வேறு உடம்பில் ஒட்டி அனுப்பி மிரட்டியிருந்தான். நவ்வாரா பதில் எழுதவில்லை. நேராக அப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

அன்று மதியமே இன்ஷிராஹ் அந்த வீட்டுக்குப் போனாள். நவ்வாராவின் அப்பா கலஃப் எழுந்து நின்று வரவேற்றார். டீ வந்தது.

"அவ பெரியப்பா பையனுக்குத்தான் கட்டிக்கொடுக்கறோம். ஃபாத்திஹா ஓதி நிச்சயம் பண்ணியாச்சு அப்லா. வார்த்தை கொடுத்தாச்சு."

"சின்னப் பொண்ணுங்க அவ. ஒரு தப்பும் பண்ணலையே. படம் பொய்."

"பொய்தான். எனக்குத் தெரியாதா? தெருவுல ஒவ்வொருத்தன்கிட்டயும் போய், பொய்னு சொல்லிக்கிட்டிருக்க முடியுமா?"

"பரீட்சைக்காவது அனுப்புங்க. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"டீ ஆறுது, குடிங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க சொல்லிக்கொடுத்ததாலதான் எங்கிட்ட வந்து சொன்னா. இல்லேன்னா மறைச்சிருப்பா, எல்லாம் கைமீறிப் போயிருக்கும். நீங்க நல்லா இருக்கணும்."

மனதாரத்தான் சொன்னார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள்.

உள்வாசல் திரைக்குக் கீழே இரண்டு வெறும் பாதங்கள் தெரிந்தன. இன்ஷிராஹ் டம்ளரைக் கீழே வைத்தபோது அவை அங்கே இல்லை.

வெள்ளி, சனி விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை முதல் பாடவேளை. பரீட்சைக்காக விதிகளை மறுபடி எழுதிப் போட்டாள். மூன்று முடிந்தது. நான்கு என்று எண் போட்டாள். கை அதற்கு மேல் ஓடவில்லை.

"வீட்டுப் பெரியவர்கிட்ட சொல்லணும், அப்லா!" முன்வரிசை எடுத்துக்கொடுத்தது.

தஹானி எழுந்தாள். "வேணாம் அப்லா. உங்ககிட்ட சொல்லலாமா?"

பிள்ளைகள் எந்தப் புகாரைக் கொண்டுவந்தாலும் அன்றே வீட்டுக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று தலைமையாசிரியை சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். அதிலும் இன்ஷிராஹ் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"உட்காரு," என்றாள்.

நாற்பது பேரும் நோட்டில் நான்கு என்று எண் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். அவள் பலகையைப் பார்த்தபடியே நின்றாள், மணி அடிக்கும்வரை.