நாலாம் கட்டிலின் குதிகால்

மேட்ரன் அம்மாவின் வெள்ளைக் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு கைக்கண்ணாடி இருக்கும். பச்சை பிளாஸ்டிக் விளிம்பு போட்ட, திருவிழாக் கடையில் விற்கிற வட்டக் கண்ணாடி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், இந்த வயதிலும் இவருக்கு அலங்காரம் கேட்கிறதா என்று சமையற்கட்டில் கேலி பேசினேன். மறுநாள் காலை, படுத்த படுக்கையாய்க் கிடந்த ஒருவரின் குதிகாலுக்கு அடியில் அந்தக் கண்ணாடியை நீட்டி அவர் குனிந்து பார்த்தபோது வாயை மூடிக்கொண்டேன். தானாகப் புரண்டு படுக்க முடியாதவர்களுக்கு உடம்பின் பாரம் அழுந்துகிற இடத்தில் புண் தொடங்கும். இடுப்பிலும் முதுகிலும் குதிகாலிலும் அவர் தினமும் அதைத்தான் தேடினார்.

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டி, பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்தது எங்கள் முதியோர் இல்லம். மேட்ரன் அம்மா அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். உதவியாளர்களாகிய நாங்கள் ஆறு பேரும் உப்பளத்துக் கூலிக் குடும்பத்துப் பெண்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்து, தோலைப் பார்த்து, அட்டவணையில் எழுத வேண்டும். எழுதியதை அவர் படிப்பார், ஆனால் நம்ப மாட்டார். அட்டவணையை மூடிவிட்டு நேராகக் கட்டிலுக்குப் போய்க் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். "கண்ணால பாத்துட்டு வந்துடாதீங்கம்மா, வெரலு வச்சிப் பாருங்க" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திருடியைச் சோதிப்பதுபோல் சோதிக்கிறாரே என்று முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பேன்.

நாலாம் கட்டிலுக்கு வந்த அம்மா வாழ்நாளெல்லாம் உப்பு வாரியவர். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அவரைத் தலை முதல் கால்வரை பார்த்துச் சேர்க்கைப் படிவம் நிரப்பியவள் நான். புண் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது உண்மைதான். குழறிய பேச்சில், "நீ யாரு வூட்டுப் பொண்ணு?" என்று கேட்டார். சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். என் அம்மாவும் அவரும் ஒரே உப்புப் பாத்தியில் வேலை செய்தவர்களாம்.

அவர் வந்த மூன்றாம் வாரம் மேட்ரன் அம்மா கண்புரை அறுவை சிகிச்சைக்காகப் பத்து நாள் விடுப்பில் போனார். போகும்போது கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். தினமும் தவறாமல் நீட்டிப் பார்த்தேன். நாலாம் கட்டில் அம்மாவின் இடது குதிகால் கறுத்து, தடித்து, வெடித்திருந்தது. என் அம்மாவின் காலும் அப்படித்தான் இருக்கும். உப்புத் தண்ணீரில் வெறுங்காலோடு நின்றவர்களுக்குக் காய்ப்பு ஏறாமல் வேறு என்ன ஏறும்? வெளியூர்ப் பெண்ணாக இருந்தால் அந்தக் கறுப்பைப் பார்த்துப் பயந்திருப்பாள், யாரையாவது கூப்பிட்டிருப்பாள். எனக்கு அது பிறந்ததிலிருந்து பார்த்த கால். விரல் வைக்கவில்லை. பத்து நாளும் 'தோல் நன்று' என்று எழுதினேன். அந்தப் பக்கம் உணர்ச்சியே இல்லாததால் அவரும் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

மேட்ரன் அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பி வந்த காலையில், நாலாம் கட்டிலில் வழக்கம்போல் கட்டைவிரலை வைத்தார். விரல் உள்ளே போய்விட்டது. அதன் பிறகு வந்த நாற்றத்தை எழுத எனக்கு மனசு வரவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. "வண்டியக் கூப்புடு" என்று மட்டும் சொன்னார். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள் அந்த அம்மா இறந்துபோனார். புண்ணின் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டதாம்.

விசாரிக்க அதிகாரிகள் வரப்போவதாகத் தகவல் வந்ததும், இல்லத்தின் செயலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் எதுவும் எழுதாத சேர்க்கைப் படிவம் ஒன்று இருந்தது.

"வரும்போதே புண்ணு இருந்துச்சின்னு எழுதிடலாம்னா மேட்ரன் கேக்க மாட்டேங்கறாங்க. ஃபார்ம் போட்டது நீதானே? புதுசா ஒண்ணு எழுதிக் குடுத்துடும்மா. அட்டவணைய நான் பாத்துக்கறேன். இல்லன்னா பத்து நாளும் பாத்தது யாருன்னு உன்னத்தான் கேப்பாங்க."

எழுதினேன். வேலை போய்விடும், ஜெயிலுக்கே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். ஆனாலும் எழுத்து அழகாகவே விழுந்தது.

மேட்ரன் அம்மாவும் ஓர் அறிக்கை கொடுத்திருந்தார். புண் இந்த இல்லத்தில் வந்தது, கவனிக்கத் தவறியது தன் குற்றம் என்று எழுதியிருந்தார். என் பெயர் அதில் எங்குமே இல்லை. அது எனக்குத் தெரிந்தபோது என் படிவம் அதிகாரிகள் கைக்குப் போய்விட்டது. போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு அந்தம்மாவுக்குக் கொஞ்சம் குழப்பம் என்று செயலாளர் சொன்னார், அதிகாரிகளும் தலையாட்டினார்கள். அந்த வாரமே மேட்ரன் அம்மாவை அனுப்பிவிட்டார்கள்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் அவர் பையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன. அவருக்குக் கண்ணில் நீர் வழிந்தது, ஆபரேஷன் செய்த கண். படிவத்தைப் பற்றிக் கேட்பார், காலில் விழுந்துவிடலாம் என்று காத்திருந்தேன். பஸ் வந்தபோது, "நாலாம் கட்டிலுக்கு ஆள் வந்துட்டாங்களா? குதிகால பாத்தியா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். ஏறிப் போய்விட்டார்.

அவர் வீடு கூனிமேட்டுக்குப் பக்கத்தில். பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச தூரம்தான். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட நான் போகவில்லை. போன மாதம் அவர் இறந்த செய்தி வந்தது. அதற்கும் போகவில்லை.

புதிதாகச் சேருகிற பெண்களுக்கு இப்போது நான்தான் வேலை சொல்லித் தருகிறேன். முதல் நாளே அந்தக் குதிகாலைப் பற்றிச் சொல்லிவிடுவேன். 'ஒரு பொண்ணு' என்றுதான் சொல்வேன், யார் என்று சொல்வதில்லை. போன வாரம் கந்தாடுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் கேட்டுவிட்டாள்.

"அந்தப் பொண்ண அப்பவே வேலய வுட்டுத் தூக்கிட்டாங்களாக்கா?"

"இல்ல. இன்சார்ஜ் ஆக்கிட்டாங்க."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள்.