ஆறு பேர் போட்ட ஒரே தொப்பி

எமில் போகோர்னி பெரிய உத்தமன்னு நான் சொல்ல மாட்டேன். என் பாருக்கு வந்தா ஒரு பீர் வாங்குவான், ஜாடியில வினிகர்ல ஊறுற முட்டை நாலு ஓசியில முழுங்குவான். ஆனா அந்தக் குளிர்காலத்துல அவன் பண்ணின காரியத்த, எங்க தெருவுல வேற எவனும் பண்ணியிருக்க மாட்டான். நானும் சேத்துத்தான்.

என் பார் போலீஸ் ஸ்டேஷனுக்கு நேர் எதிர்ல. டிடெக்டிவ்ங்க, பத்திரிகைக்காரங்க, ஜாமீன் எடுக்கிறவங்க, எல்லாருக்கும் தாகம் இங்கதான் தீரும். அதனால நான் காசு குடுத்துப் பேப்பர் வாங்கினதே இல்ல. நாளைக்கு வர்ற சேதி எனக்கு இன்னைக்கே வந்துடும். பாதி பொய்யா இருக்கும், ஆனா சூடா இருக்கும்.

எமிலு முதல்ல கசாப்புக் கம்பெனியில சாசேஜ் அடைச்சுக்கிட்டிருந்தான். கல்யாணம் ஆன மூணாம் மாசமே அவன் பொண்டாட்டி லூட்மிலா, பூண்டும் ரத்தமுமா நாறுற ஆளு பக்கத்துல எனக்குத் தூக்கம் வரலன்னு சொல்லிட்டா. அவ அண்ணன் பேப்பர் ஆபீஸ்ல அச்சுக்குப் படம் செதுக்குறவன். மச்சானைக் கூட்டிட்டுப் போயி இருட்டு ரூம்ல போட்டோக் கண்ணாடி பிளேட் கழுவ விட்டான். ஒரு நாளு படம் புடிக்கிறவன் குடிச்சிட்டு மாடிப்படியில உருண்டுட்டான், கேமராப் பொட்டிய எமிலு கையில குடுத்து அனுப்பினாங்க. பீப்பா மாதிரி உடம்பு. எந்தக் கூட்டத்துலயும் தோளை முன்னால விட்டுப் பூந்துடுவான். அப்புறம் பொட்டிய அவன்கிட்ட இருந்து யாரும் திருப்பி வாங்கல.

அவனுக்கு ஒரே ஒரு கிறுக்கு. போலீஸ் புடிச்சிட்டு வந்த ஆளு வெறுந்தலையா இருந்தா அவனுக்குப் படம் புடிக்கவே புடிக்காது. "வெறுந்தலையா இருந்தா எவனப் பாத்தாலும் என் ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி இருக்கான்யா"ம்பான். அதுக்காகவே கார் பின்சீட்ல ஒரு சாம்பல் கலர் தொப்பி வச்சிருப்பான். கறுப்புப் பட்டி, கண்ணு மேல விழுற மாதிரி மடிச்ச விளிம்பு. தலை சின்னதா இருந்தா உள்ள பேப்பர் மடிச்சு வைப்பான். மாட்டி விட்டுட்டு இடது பக்கமா ஒரு இழுப்பு. கோயில் வாசல்ல மெழுகுவர்த்தி விக்கிற மூஞ்சி கூட கொள்ளைக்காரனா மாறிடும். டிடெக்டிவ்ங்க சிரிப்பாங்க. அவங்களுக்கும் அது லாபம்தான், புடிச்சது பெரிய மீனா தெரியுமில்ல.

படம் எப்படின்னா, நடுவுல புடிபட்டவன், ரெண்டு பக்கமும் டிடெக்டிவ். மேசை மேல ஒரு துப்பாக்கி. அது பாதி நாளு ஸ்டேஷன் டிராயர்ல கெடக்குறதுதான். அதை டிடெக்டிவ் ரெண்டு பேர்ல பெரிய பதவிக்காரர் விரலால சுட்டிக் காட்டுவாரு, இப்பத்தான் கண்டுபிடிச்ச மாதிரி. மறுநாளு எமிலு ஆளுக்கு ரெண்டு பிரிண்ட் கொண்டாந்து குடுக்கணும். குடுக்கலன்னா அடுத்த தடவை கதவு திறக்காது. ஒண்ணு வீட்டுக்குப் போகும். இன்னொண்ணு ஃபிரேம் போட்டு என் செவுத்துக்கு வரும். லெப்டினன்ட் டியர்னி உள்ள வந்தா விஸ்கி கேக்குறதுக்கு முன்னால தன் படம் நேரா தொங்குதான்னு பாப்பாரு. அவரு வீட்டம்மா அவரு படம் வர்ற அன்னைக்கு அரை டஜன் பேப்பர் வாங்குவான்னு பேப்பர்காரப் பய சொன்னான்.

அந்தப் பிப்ரவரியில மருந்துக்கடைக்காரர் புரூனரைக் கல்லாப் பொட்டிக்காகச் சுட்டுட்டாங்க. மனுஷன் கடையிலயே போயிட்டாரு. பின்ரூம்ல இருந்து ஓடிவந்த பொண்டாட்டி, ஓடுறவன் முதுகத்தான் பாத்தேன்னு அன்னைக்குச் சாயங்காலம் அழுதுக்கிட்டே சொன்னா. அங்க படம் புடிச்சுக்கிட்டிருந்த எமிலு காதுபடத்தான் சொன்னா.

ரெண்டு நாள்ல டியர்னி ஒருத்தனை இழுத்துட்டு வந்தாரு. அர்விட் செலின்னு பேரு, சுவீடன்காரப் பையன், பேக்கரியில அடுப்புல வேலை. கடைக்குப் பின்னால இருக்குற சந்து வழியா தினமும் போறவன், அதுதான் அவன் பண்ணின தப்பு. அடுப்புப் பக்கத்துல இருந்து அப்படியே தூக்கிட்டாங்க. தலை முழுக்க மாவு. எமிலு பாத்தான், இது கொலைகாரன் மாதிரியே இல்லையேன்னு தொப்பியப் போட்டு இடது பக்கம் ஒரு இழுப்பு இழுத்தான். மறுநாளு முதல் பக்கத்துல பெரிசா வந்துது. பேப்பரைப் பாத்த மிஸஸ் புரூனர் ஸ்டேஷனுக்கு வந்து, இவன்தான், அந்தத் தொப்பிய எங்க பாத்தாலும் எனக்குத் தெரியும்னு சொல்லிட்டா. அவ பொய் சொல்லல. புருஷனை இழந்தவ, நெஞ்சுல ஒரு மூஞ்சி வேணுமில்ல, பேப்பர் குடுத்துது.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. கேஸுக்குத் தொப்பி வேணும். அர்விட் அம்மா வீட்டப் பொரட்டிப் போட்டாங்க, பேக்கரி மாவு மூட்டையக் கிழிச்சாங்க, சாக்கடை மூடியத் தூக்கிக் கம்பி விட்டுத் துழாவினாங்க. அந்தத் தொப்பி என் பார் வாசல்ல நின்ன கார்ல, எமிலோட சாண்ட்விச் பொட்டலத்துக்கு அடியில கெடக்கு.

கோர்ட்டுல அர்விட், அது என் தொப்பி இல்ல, படம் புடிக்கிறவர் மாட்டினதுன்னு சொன்னான். டியர்னி கூண்டுல ஏறி, அப்படி எதுவும் எனக்கு ஞாபகம் இல்ல, புடிபட்டவனுங்க எல்லாரும் இப்படித்தான் கதை விடுவானுங்கன்னாரு. அதைத் தன் பேப்பர்லயே எமிலு என் பார்ல உக்காந்து படிச்சான். எடுத்த முட்டையத் திருப்பி ஜாடியில போட்டுட்டான். அவன் முட்டையத் திருப்பி வச்சத நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

நேரா ஆபீஸுக்குப் போயி எடிட்டர்கிட்ட, நான் சாட்சி சொல்லப் போறேன்னான். நம்ம படமே பொய்யின்னு ஊருக்குச் சொல்லப் போறியான்னு அவரு குதிச்சாரு. பழைய பிளேட் எல்லாத்தையும் அலமாரியில வச்சுப் பூட்டி, சாவியக் கோட்டுப் பையில போட்டுக்கிட்டாரு. அதுல ஒண்ணாவது கையில இல்லாம போனா இவன் வெறும் வாய்ப்பேச்சு. அது எமிலுக்கும் தெரியும்.

சேதி அதுக்குள்ள ஸ்டேஷனுக்குப் போயிடுச்சு. மத்தியானம் எமிலு மறுபடி என் பார்ல இருந்தப்போ, டியர்னி வந்து அவன் பக்கத்து ஸ்டூல்ல உக்காந்தாரு. கிளாஸைத் தொடைக்கிற மாதிரி நான் காதைத் தீட்டிக்கிட்டேன்.

"எமிலு, நீ படம் புடிக்கிறவன். படத்த மட்டும் புடி."

"அந்தப் பையன் தலையில அதை மாட்டினது நான்தான் சார். நீங்க பக்கத்துல நின்னு சிரிச்சீங்க."

"எத்தனை தலையில மாட்டினே. அப்பல்லாம் உனக்கு ஒண்ணும் உறுத்தலையே."

"அப்பல்லாம் தொப்பியக் காட்டி எவனையும் மின்சார நாற்காலிக்கு அனுப்பல."

டியர்னி குரலை எறக்கினாரு. "கூண்டுல ஏறினேன்னா அப்புறம் எங்க வாசப்படி உனக்குக் கெடையாது. தொலைஞ்சு போன நாயைக் கூட அங்க வந்து படம் புடிக்க முடியாது. லூட்மிலாகிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணு."

"கேட்டுட்டேன் சார். சாசேஜ் கம்பெனிக்கு மட்டும் திரும்பிப் போகாதேன்னா. வேற ஒண்ணும் சொல்லல."

டியர்னி எழுந்து போனாரு. அன்னைக்கு அவரு செவுத்துப் பக்கம் திரும்பவே இல்ல. எமிலு திரும்பினான். ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தான். அங்க தொங்குற படங்கள்ல ஒவ்வொரு டிடெக்டிவும் தன் மூஞ்சியத்தான் பாத்திருக்கான். நடுவுல நிக்கிறவனை ஒருத்தனும் பாத்ததில்ல. நானும் தினமும் தூசி தட்டுறேன், பாத்ததில்ல.

"ஒரு ஸ்டூல் குடு"ன்னான். ஏறி ஒவ்வொண்ணா கழட்ட ஆரம்பிச்சான்.

"யோவ், அது என் செவுரு."

"செவுத்த நீயே வச்சுக்கோ. படம் மட்டும் போதும்."

டிடெக்டிவ்ங்க இல்லன்னா என் பாருக்குப் பாதி வியாபாரம் போச்சு. அதை அவன்கிட்டயே சொன்னேன். ஆமாம்னு தலையாட்டிக்கிட்டே அடுத்த ஆணிக்குப் போனான். இந்த ஆளைத் தடுக்கணும்னா கதவை அடைக்கணும், கதவை விட அவன் அகலம். கடைசியில கண்ணாடி உடையக் கூடாதேன்னு மேசைத் துணிய நானே எடுத்துக் குடுத்தேன்.

மறுநாளு கோர்ட்டுல எடம் இல்ல. மத்த பேப்பர்காரங்க எல்லாம் தங்கள்ல ஒருத்தன் கவுந்து விழுறதப் பாக்க வந்திருந்தாங்க. எமிலு தொப்பியக் கையில புடிச்சுக்கிட்டு ஏறினான். சர்க்கார் வக்கீல் எழுந்து, இந்த ஊர்ல சாம்பல் தொப்பி ஆயிரம் இருக்கே, இதுதான் அதுன்னு எப்படிச் சொல்றேன்னு கேட்டாரு. பேப்பர்ல பேரு வர்றதுக்காகக் கூண்டுல ஏறுற ஆளா நீன்னு ஒரு குத்தல் வேற. ஜனங்க சிரிச்சாங்க. எமிலும் சிரிச்சான். அப்புறம் என் மேசைத் துணிய அவுத்தான்.

ஆறு படம். பேங்க் கொள்ளைக்காரன் ஒருத்தன், நகைக்கடைத் திருடன் ஒருத்தன், கள்ளநோட்டு அடிச்ச கெழவன் ஒருத்தன், இன்னும் ரெண்டு பேரு, கடைசியா அர்விட். ஆறு தலை, ஆறு மூஞ்சி, ஒரே தொப்பி. ஒரு தடவை படம் புடிக்கக் கொளுத்துற வெளிச்சப் பொடி தெறிச்சு விளிம்புல நகம் அளவுக்கு ஒரு ஓட்டை விழுந்திருந்துது. ஆறுலயும் அது அதே எடத்துல இருக்கு. எமிலு கையில இருந்த தொப்பியிலயும் இருக்கு. முதல் படத்தப் பாத்தப்போ ஜூரிக்காரங்க சிரிச்சாங்க. நாலாவது கைமாறினப்போ ஒருத்தனும் சிரிக்கல. அஞ்சு படத்துல பக்கத்துல நின்னு விரல் நீட்டிக்கிட்டிருந்தது டியர்னி. ஞாபகம் இல்லன்னவரு.

அப்புறம் மிஸஸ் புரூனரை மறுபடி கூப்பிட்டாங்க. அர்விட் வக்கீல் சின்னப் பையன், ஆனா மரியாதை தெரிஞ்சவன். அதட்டாம கேட்டான். அம்மா, இந்தத் தொப்பிய நீங்க கடையில பாத்தீங்களா, பேப்பர்ல பாத்தீங்களா?

அந்தம்மா தொப்பியப் பாத்தா, பையனைப் பாத்தா. கைக்குட்டையச் சுருட்டிக்கிட்டே இருந்தா.

"கண்ண மூடினா இதுதான்யா வருது. எங்க பாத்தேன்னு எனக்குத் தெரியல. உண்மையாவே தெரியல."

அதுக்கு மேல யாரும் அவளை ஒண்ணும் கேக்கல. சாயங்காலத்துக்குள்ள ஜூரி வெளிய வந்து, குத்தம் இல்லன்னு சொல்லிட்டாங்க. அர்விட் அம்மா பெஞ்சுலயே உக்காந்துட்டா. பையன் வந்து எமிலு முன்னால நின்னான். நன்றி சொல்றதா அறையறதான்னு அவனுக்கே தெரியல போல. அந்தப் படத்த ஏன் புடிச்சேன்னு மட்டும் கேட்டான். எமிலு, பேப்பர் விக்கிறதுக்காகன்னான். பையன் தலையாட்டிட்டு அம்மாவைக் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போயிட்டான். புரூனரைச் சுட்டவன் யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. எனக்கே தெரியலன்னா யாருக்கும் தெரியாது.

டியர்னி சொன்னபடியே செஞ்சாரு. ஸ்டேஷன் கதவு எமிலுக்கு மூடிக்கிச்சு. எடிட்டர் அவனை வேலைய விட்டுத் தூக்கல, தூக்கினா மத்த பேப்பர் கொண்டாடிடும். பூக்கண்காட்சிக்குப் போன்னாரு. போனான், மத்தியானத்துக்குள்ள ரோஜாவப் புடிச்சுக் குடுத்துட்டு, ஸ்டேஷன் எதிர்ல நடைபாதைக்கு வந்துட்டான். எவனைப் புடிச்சாலும் வண்டியில இருந்து எறக்கித்தானே உள்ள கொண்டு போகணும். அந்தப் பத்தடி தூரத்துக்காக நின்னான். ஆலங்கட்டி மழையில நின்னான். ஒரு டிடெக்டிவ் அவன் பொட்டிய வேணும்னே இடிச்சுத் தள்ளினான். பொறுக்கிட்டு வந்து அதே எடத்துல நின்னான்.

என் பாருக்கு டிடெக்டிவ்ங்க மூணு வாரம் வரல. அப்புறம் வந்தாங்க, அடுத்த பார் நாலு தெரு தள்ளி, குளிர் வேற. எமிலை உள்ள விடாதேன்னு என்கிட்ட சொன்னாங்க. சரின்னேன்.

அதனால நானே ஒரு காப்பிய எடுத்துட்டு வெளிய போனேன். அவன் மீசையில ஐஸ் கட்டியிருந்துது. இப்ப டிடெக்டிவ்ங்க யாரும் இல்ல, ரெண்டு நிமிஷம் உள்ள வந்து கையச் சூடு பண்ணிட்டுப் போடான்னு கூப்பிட்டேன்.

காப்பிய வாங்கிக்கிட்டான். கண்ணு மட்டும் ஸ்டேஷன் வாசலை விட்டு நகரல.

"வேணாம்பா. உன் ஜன்னல் பூரா பனி மூடிக் கெடக்கு, அங்க உக்காந்தா ஸ்டேஷன் வாசல் தெரியாது."