இறக்கை யாருக்குத் திறக்கும்

வேலுவைக் கவிழ்த்தது நான்தான். வாய் தவறிச் சொல்லவில்லை, குழம்பிப்போயும் சொல்லவில்லை. தெரிந்தே பொய்யைச் சொல்லிக் கொடுத்தேன்!

அந்தக் காணொளியைப் பார்த்து நீங்களும் சிரித்திருப்பீர்கள். தொலைக்காட்சி அரங்கில் நீலச் சட்டை போட்ட ஒருவன், ஓய்வுபெற்ற கார் பந்தய வீரரிடமே "நீங்க சொல்றது தப்புங்க சார்" என்று அடித்துப் பேசுவானே... அவன்தான் வேலு. அந்தச் சொற்களை அவன் வாயில் வைத்தவள் நான். என் பெயர் தேன்மொழி.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சூளையிலிருந்து வெளிவரும் ஃபியூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்த்து, விரிசல் கண்டவற்றை ஒதுக்குவேன். வேலுவுக்கும் அங்கேதான் வேலை. டிப்ளமோ படித்த காலத்திலிருந்தே எங்கள் இருவருக்கும் பார்முலா கார் பந்தயத்தின் மீது பித்து. அதைப் பற்றித் தமிழில் பேச ஒரு யூடியூப் சேனல் தொடங்கினோம்.

முதல் காணொளியில் பேசியவள் நான்தான். தெரியுமா உங்களுக்கு? அதன் கீழே, பெண்ணுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும், போய் சாம்பார் வை என்று வரிசையாக எழுதினார்கள். அழுதுகொண்டிருந்த என்னிடம் வேலு சொன்னான்:

"உடு தேனு. நீ படிச்சு எனக்குச் சொல்லு, நான் பேசுறேன். யாரு பேசுனா என்னா? ரெண்டு பேருதும்தான இது."

நம்பினேன். ஆங்கிலத்தில் வரும் விதிமுறைகளை வரி வரியாகப் படித்து, அவனுக்குப் புரியும்படி சொல்லிக் கொடுத்தேன். அவனுக்கு நல்ல குரல். நான் சொல்வதை அப்படியே வாங்கி, மெருகேற்றித் திருப்பிச் சொல்வான். பார்ப்பவர்கள் பெருகினார்கள். ஊரில் அவனை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். நான் பக்கத்தில் நிற்பேன்... செல்போனை என் கையில் கொடுத்து, "அக்கா, நீங்க எடுங்க" என்பார்கள். எடுத்தேன். அதுவரை எனக்கு வருத்தமில்லை.

ஒரு கல்லூரியில் அவனைப் பேச அழைத்திருந்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "இவ்ளோ விதிமுறையையும் யாருங்க சார் படிச்சுச் சொல்றாங்க?" என்று கேட்டாள்.

வேலு ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"எல்லாம் நானேதாம்மா. தனியாளா ஒக்காந்து படிக்கிறேன். இதோ, இவங்க எங்க கம்பெனிதான். கேமரா புடிக்க ஒத்தாசைக்கு வருவாங்க."

அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். என் கைகள் ஏன் தட்டின என்று இன்றுவரை விளங்கவில்லை!

திரும்பும் வழியில் பஸ்ஸில் அவன் ஒன்றுமே நடக்காதது போல முறுக்குப் பொட்டலத்தை நீட்டினான். ஒன்றை எடுத்துக்கொண்டேன். அப்போது சண்டை போட்டிருக்கலாம் இல்லையா? ஏன் போடவில்லை? கோபத்தை அங்கேயே செலவழித்துவிட எனக்கு மனமில்லை. சேர்த்து வைக்க விரும்பினேன்.

வாய்ப்பு தானாக வந்தது. புதிய பருவத்திற்காகப் பந்தய விதிகளையே புரட்டிப் போட்டிருந்தார்கள். காரின் அளவு சிறுத்தது, எடை குறைந்தது. காரின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி மின்சாரத்திலிருந்து வரப்போகிறது. இந்த மாற்றங்களை விளக்க ஒரு தொலைக்காட்சி அவனைச் சென்னைக்கு அழைத்தது. நன்றாகப் பேசினால் பருவம் முழுவதும் அவனே வரலாம் என்றார்கள். அந்த வார்த்தையை நம்பி வேலு கம்பெனி வேலையை விட்டான்.

"தேனு, இந்த ஒரு தடவ நல்லா சொல்லிக் குடு. எனக்கு இத வுட்டா வேற வழியில்ல" என்று ஜங்ஷன் டீக்கடையில் என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

சொல்லிக் கொடுத்தேன்...

பழைய விதி இதுதான்: முன்னால் போகும் காரை நெருங்கிவிட்ட காருக்கு மட்டும், நேர்ப்பாதையில் பின்னிறக்கை, அதாவது காரின் பின்பக்கம் இறக்கை போல இருக்கும் தகடு, திறக்கும். காற்றின் தடை குறைந்து அது பாய்ந்து முந்தும். புதிய விதியில் அந்தச் சலுகை இல்லை. குறித்த நேர்ப்பாதைகளில் எல்லாக் கார்களும் இறக்கையைத் திறக்கலாம். நெருங்கி வருபவனுக்கு அதற்குப் பதிலாகக் கூடுதல் மின்விசை கிடைக்கும். மாற்றங்களின் உயிர்நாடியே இதுதான்.

நான் தலைகீழாகச் சொன்னேன். இறக்கை பழையபடி நெருங்கி வருபவனுக்கு மட்டும்தான், கூடுதல் மின்விசை எல்லோருக்கும் என்றேன். அதோடு விட்டேனா? இல்லை!

"வேலு, நெறைய பேரு இத மாத்திப் புரிஞ்சு வச்சிருக்காங்க. அங்கயும் யாராச்சும் மறுத்துப் பேசுவாங்க. உட்டுக் குடுத்துடாத, அடிச்சுச் சொல்லு."

அவன் தலையாட்டினான். டீக்கு அவன்தான் காசு கொடுத்தான்.

நிகழ்ச்சி ஞாயிறு மதியம். நான் எங்கே இருந்து பார்த்தேன் தெரியுமா? அவன் வீட்டில்! அவன் மனைவி சுதா கூப்பிட்டிருந்தாள். உறவினர்கள் கூடியிருந்தார்கள். கேசரி கிண்டி எல்லோருக்கும் கொடுத்தாள். எனக்கு மட்டும் முந்திரியைத் தேடிப் போட்டு, "நீங்க இல்லாட்டி ஏதுங்கக்கா" என்று காதோடு சொன்னாள்.

திரையில் வேலு தொடங்கினான். பந்தய வீரர் பொறுமையாகத் திருத்தினார். வேலு மறுத்தான். அவர் மறுபடி விளக்கினார். வேலு குரலை உயர்த்தினான். நிகழ்ச்சி நடத்திய பெண் விதிப் புத்தகத்தின் பக்கத்தையே திரையில் காட்டினாள். வீரர் சிரித்துவிட்டார்.

"தம்பி, நீங்க இதப் படிச்சீங்களா இல்லையா?"

வேலுவின் நெற்றியில் வியர்வை மின்னியது. கேமராவைப் பார்த்து, எழும்பாத குரலில் அவன் சொன்னான்: "இல்லீங்க சார்... எனக்குச் சொன்னவங்க தப்பா சொல்ல மாட்டாங்க."

சுதா கேசரித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எனக்கோ மகிழ்ச்சி! அடிவயிற்றிலிருந்து எழுந்த, கூச்சமே இல்லாத மகிழ்ச்சி. முகத்தை மறைக்கத் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கிக் குடித்தேன். அவன் கடைசியாகச் சொன்ன அந்த வாக்கியம் மட்டும் மகிழ்ச்சிக்குள் ஒரு கல்லைப் போலக் கிடந்தது. அதை மென்று விழுங்கிவிட்டேன்.

தொலைக்காட்சி அவனை மறுபடி அழைக்கவில்லை. கம்பெனியும் திரும்பச் சேர்க்கவில்லை. அவன் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை, சாப்பிடுவதில்லை என்று சுதா வந்து அழுதாள். போனேன். தோற்றவன் முகத்தை அருகிலிருந்து பார்க்கத்தான் போனேன்... இதையும் மறைக்கப்போவதில்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று அவன் கேட்பான். அந்தக் கல்லூரி மேடையை அவனுக்கு நினைவூட்டுவேன் என்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு போனேன்.

தாடி வளர்ந்திருந்த வேலு என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தான்.

"வா தேனு. பயந்துட்டியா? நான் ஒன்னும் நெனைக்கல. இங்கிலீசுல இருக்குது, நீ எங்கயோ தப்பாப் புரிஞ்சிக்கிட்ட. பொம்பளப்புள்ள, எவ்வளவுதான் உனக்கு வெளங்கும்? உன்னய நம்பிப் போனது என் தப்பு."

மன்னித்துவிட்டான்! நான் கேட்காமலே, நான் செய்யாத குற்றத்துக்கு என்னை மன்னித்துவிட்டான். பழி தீர்த்தது நான் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அந்த அளவுக்கு என்னால் முடியும் என்றுகூட அவன் நினைக்கவில்லை.

"தெரிஞ்சேதான் சொன்னேன்டா" என்ற சொற்கள் நாக்கு வரை வந்தன. சுதா காபியோடு கதவருகே நின்றாள். அவள் கண்களைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவன் ஒரு காணொளி போட்டான். "தகவலத் தேடித் தந்தது எங்க கம்பெனி தேன்மொழி. அவங்க தப்பாப் புரிஞ்சிக்கிட்டாங்க. யாரும் அவங்களத் திட்டாதீங்க, ப்ளீஸ்" என்றான். சேனலில் என் பெயரை அவன் முதன்முதலாகச் சொன்னது அன்றுதான்! கீழே மறுபடி சாம்பார், அடுப்பு, ரசம்... ஒவ்வொன்றையும் படித்தேன். கம்பெனியில் என்னைக் கண்டால் இரண்டு கைகளையும் இறக்கை போல விரித்துக் காட்டுகிறார்கள்.

நான் அறியாதவள் இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால், நான் துரோகி என்று சொல்ல வேண்டும். துரோகி இல்லை என்று காட்ட வேண்டுமானால், அறிவில்லாதவளாகவே இருக்க வேண்டும். உங்களிடம் முதலாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். ஊரில் இன்னும் இரண்டாவதாகத்தான் நடமாடுகிறேன்.

வருந்துகிறேனா? சுதாவுக்காக, ஆம். சில நாட்களில் சோறு இறங்குவதில்லை. வேலுவுக்காக... அந்த வியர்வை நெற்றி கண்முன் வரும்போது நெஞ்சு அடைக்கிறது. உடனே "எவ்வளவுதான் உனக்கு வெளங்கும்" என்ற குரல் கேட்கிறது. அடைத்த நெஞ்சு மறுபடி எரியத் தொடங்கிவிடுகிறது.

நேற்று சுதா போன் செய்தாள். பருவத்தின் முதல் பந்தயம் நெருங்குகிறதாம். வேலு சேனலில் மறுபடி பேசப் போகிறானாம். "நீங்க ஒரு எட்டு வாங்கக்கா. இந்த வாட்டி நல்லாப் படிச்சிட்டு வந்து அவருக்குச் சொல்லிக் குடுங்க. உங்கள வுட்டா யாரு இருக்காங்க?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். விதிகள் முழுவதும் எனக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை அவன் எதிரே போய் உட்காருவேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான்.

என்ன சொல்லிக் கொடுப்பாய் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்...