மெஸ்ஸில் கற்ற இங்கிலீஷ்

கத்தரிக்காய் கொத்சு கொதிக்கும்போது முதலில் புளி வாசனைதான் வரும். மல்லியும் மிளகாயும் வறுத்து அரைத்த பொடியைத் தூவியதும் அது மாறி, தெருமுனை வரைக்கும் போய்ப் பசியோடு வருகிறவர்களை அழைத்துக்கொண்டு வரும். சிதம்பரத்தில் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கல்லூரி மாணவர்களுக்காக ஒரு சின்ன மெஸ் நடத்திவந்தார். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றதும், கடலூர் முதுநகரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அப்பா என்னை அவரிடம் கொண்டுபோய் விட்டார். தண்ணீர் ஊற்றுவதும் இலை எடுப்பதும் என் வேலை. வாய் திறக்கக் கூச்சம் என்பதால் காது நன்றாக வேலை செய்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் அங்கே வந்ததுதான்.

பெரிய இங்கிலீஷ் ஒன்றும் இல்லை. ‘டென்ஷன்’, ‘போர்’, ‘டல்’, ‘மூட் அவுட்’, இப்படி மாணவர்கள் தங்கள் மனசைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் சொற்கள். அவர்கள் சாப்பிடும் விதத்தைப் பார்த்து நானே அர்த்தம் பொருத்திக்கொண்டேன். பசி இருந்தும் பரீட்சையை நினைத்துப் பாதியில் எழுந்துபோகிறவனுக்கு டென்ஷன். சோற்றில் விரலால் கோடு போட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பவன் மூட் அவுட்.

எங்கள் வீட்டில் இவற்றுக்கெல்லாம் தமிழில் சொல் இருந்தும் புழக்கம் இல்லை. கோபம் அப்பாவுக்கு மட்டும் உரியது. அழுகை சாவு வீட்டுக்கு. சோறு தின்ற வயிற்றோடு ஒருவர் ‘மனசு சரியில்லை’ என்றால், “இப்ப என்னா கொறஞ்சு போச்சு?” என்று அம்மா கேட்பாள். அதனால் நான் ஊருக்கு வரும்போதெல்லாம் என் அக்கா, “இந்தத் தபா என்னடா கொண்டாந்த?” என்று காதோடு கேட்பாள். மாமா கொடுத்தனுப்பும் கொத்சுத் தூக்கைக் கேட்கிறாள் என்று அம்மா நினைத்துக்கொள்வாள். அக்கா கேட்டது சொற்களை. அப்பா எதிரிலேயே, “டல்லா இருக்கியேக்கா” என்பேன், “டென்ஷன்டா” என்பாள். மெஸ் பேச்சு என்று அப்பா காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

அக்காவை மாமாவுக்குத்தான் கொடுப்பது என்று அவள் பிறந்தபோதே பேசிவைத்திருந்தார்கள். மாமா நல்ல மனிதர். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் காட்டியவர். சிக்கலே அதுதான். “மாமாவப் பாத்தா எனக்கு மாமாவாத்தான்டா தெரியுது” என்றாள் அக்கா. ஆனால் ‘பிடிக்கவில்லை’ என்று அவள் சொல்லிவிட்டால் அது மாமாவையே பிடிக்கவில்லை என்றாகும்; அம்மாவுக்குப் பிறந்த வீட்டு வாசல் அதோடு அடைபடும். எங்கள் ஜனத்தில் அப்படி அடைபட்ட வாசல்கள் பல உண்டு.

வேண்டாம் என்பதற்கு மெஸ் பசங்க என்ன சொல்வார்கள் என்று கேட்டாள். எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. கொத்சு நன்றாக இல்லை என்று யாராவது சொன்னால் மாமா அவர்களோடு பேசுவதையே நிறுத்திவிடுவார். ஆனால் ஒரு மாணவன், மாமா வாளியோடு வந்து நின்றபோது, இலைமேல் கையை விரித்து மறைத்து, “இன்ட்ரஸ்ட் இல்லண்ணே” என்றான். மாமா சிரித்துக்கொண்டே அடுத்த இலைக்குப் போய்விட்டார். இதை அக்காவிடம் சொன்னேன். அவள் அந்தச் சொல்லை இரண்டு மூன்று தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

தேதி குறிப்பதற்காக மாமா பூவும் பழமுமாக வந்தபோது நானும் கூட வந்திருந்தேன். அப்பா, அம்மா எல்லாரும் இருக்கையில் அக்கா தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டு, உள்ளே போகாமல் நின்று, “மாமா, எனக்குக் கல்யாணத்துல இன்ட்ரஸ்ட் இல்ல” என்றாள்.

“என்னா சொல்லுது அது?” என்று அப்பா என்னைத்தான் பார்த்தார். மாமா சொம்பை எடுத்து முழுத் தண்ணீரையும் குடித்தார். பிறகு, “ஒண்ணுமில்ல மச்சான். பாப்பா போதும்னு சொல்லுது. எங்க மெஸ்ஸுல பசங்க சொல்றதுதான். நீங்க வேற எடம் பாருங்க, நான் வந்து நின்னு நடத்தித் தர்றேன்” என்றார். அப்பா கோபப்படுவதற்கு எதுவும் மிச்சம் இல்லை. அம்மா அழுதாள், ஆனாலும் மாமாவுக்கு இலை போட்டாள்.

திரும்பும் பஸ் புதுச்சத்திரம் தாண்டியதும் மாமா என்னைப் பார்த்தார். “நீதான சொல்லிக் குடுத்த?” என்றார். தலையாட்டினேன். “சரி, டென்ஷன் ஆவாத” என்றார். மறுநாள் கொத்சில் உப்பு கரித்தது. “என்னண்ணே, மூட் அவுட்டா?” என்று ஒரு மாணவன் கிண்டல் செய்தான். “ஆமாந்தம்பி” என்றார் மாமா. இந்த விஷயத்தில் அவர் வாய்விட்டுச் சொன்னது அவ்வளவுதான்.

அக்காவை வடலூரில் கொடுத்தோம். மாமா சொன்னபடியே முன்னால் நின்று பரிமாறினார்; பிற்பாடு அவருக்கும் கல்யாணம் ஆயிற்று. மெஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை. நான் கடலூரில் டிபன் கடை வைத்திருக்கிறேன். பட்டப்படிப்பு முடித்த என் மகளுக்குப் போன தை மாதம் ஒரு வரன் வந்தது, எங்களுக்குத் தெரிந்த குடும்பத்திலிருந்து. அக்காவும் வந்திருந்தாள். மாப்பிள்ளை போட்டோவைக் காட்டியதும் மகள் நிமிர்ந்து பார்த்து, “எனக்குப் புடிக்கலப்பா” என்று சொல்லிவிட்டு மறுபடி தோசையைப் பிய்த்தாள். நல்ல தமிழில், சாதாரணமாக. கூரை இடிந்து விழவில்லை.

அக்கா சிரித்தாள். “இதச் சொல்றதுக்கு எனக்குச் சிதம்பரத்துலேருந்து பஸ் ஏறி வார்த்த வர வேண்டியிருந்துது” என்றாள். மகளுக்குப் புரியவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்கு நான்தான் போன் செய்ய வேண்டியிருந்தது. நெடுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, “பொண்ணுக்கு இப்ப இன்ட்ரஸ்ட் இல்லைங்களாம்” என்றேன். அந்தப் பக்கம் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.