நாற்று நடப் போனவர்

எங்கள் டிராக்டர் பெட்டியில் 'விவசாயப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று எழுதியிருக்கும். அப்படிப் பதிந்ததால் எங்களுக்கு வரி கிடையாது. தொண்ணூறுகளில் பௌர்ணமிக் கூட்டம் பெருகியதும், மலை சுற்ற வந்து பாதி வழியில் இருக்கும் எங்கள் ஊர் அடி அண்ணாமலையிலேயே கால் ஓய்ந்தவர்களை, விடிந்ததும் அந்தப் பெட்டியில் ஏற்றி பஸ் ஸ்டாண்டில் விட ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர். உட்கார வைக்கோல் பரப்புவது என் வேலை.

ஒருமுறை திருப்பத்தில் பெட்டியின் பின்கதவுக் கொக்கி கழன்றது. ஆம்பூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் ரோட்டில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போலீஸ்காரர் வந்து, எதற்காக வண்டியில் ஏறினார் என்று அந்த அம்மாவிடமே கேட்டார். மலை சுற்ற வந்தவர்களை ஏற்றினோம் என்று தெரிந்தால் வண்டியைப் பறிமுதல் செய்துவிடுவார்கள். கட்டிலருகே நின்றேன்.

"இவங்க கழனிக்கு நாத்து நடப் போனேங்க" என்றார் அந்த அம்மா. நெற்றியில் திருநீறு கலையவில்லை. பாதமெல்லாம் கொப்புளம்.

போலீஸ்காரர் போனதும், "எங்களுக்காக ஏம்மா பொய் சொன்னீங்க?" என்று அழுதேன்.

"உங்க மேல என்னாம்மா தப்பு? நடந்தே சுத்தறேன்னு வேண்டிக்கினு, பாதியில வண்டி ஏறுனது நானு. அண்ணாமலையாரு தள்ளி உட்டுட்டாரு" என்று அவரும் அழுதார்.

கொக்கி தேய்ந்திருந்தது எனக்குத் தெரியும். அதைக் கம்பியால் இழுத்துக் கட்டியதே நான்தான். ஆனாலும், "அழாதீங்கம்மா" என்று மட்டும்தான் எனக்குச் சொல்ல வந்தது.

அடுத்த பௌர்ணமிக்குள் வீட்டுக்காரர் புதுக் கொக்கி போட்டார். பெட்டியில் மங்கிப்போயிருந்த 'விவசாயப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற எழுத்துக்கும் புதுசாகப் பெயிண்ட் அடித்தார். டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் குற்றத்தைச் சாமி தலையில் போட்டுவிட்டு, அந்த மலைக்கு எதிரிலேயே இத்தனை வருஷமாகக் குடியிருக்கிறேன்.