லென்ஸில் செருகிய குழாய்

இருபது வருஷமாக ஊரில் உள்ள மூக்கையெல்லாம் படத்தின் நடுவில் நிறுத்தி எடுத்துக்கொண்டிருந்ததால் அவளுக்குப் பாஸ்போர்ட்டம்மா என்றே பேர் நிலைத்துவிட்டது. ஸ்டூடியோ என்பது ஒரு ஸ்டூல், ஒரு வெள்ளைத் திரை, இரண்டு விளக்கு. லென்ஸ், கேமரா வாங்கியபோது கூடவே வந்தது, உள்ளங்கையில் அடங்கிவிடும். படம் பளிச்சென்றுதான் விழும். ஆனால் அந்தத் தொழிலில் முதலில் லென்ஸின் நீளத்தைப் பார்ப்பார்கள், பிறகுதான் படத்தை. பலர் படம் வரைக்கும் வருவதே இல்லை.

அவர்களில் பெரிய ஆள் பீரங்கி. முழங்கை நீள லென்ஸைத் தோளில் சாத்திக்கொண்டு திரிவதால் அந்தப் பேர். இவளுடையதைப் பார்த்தால், மீதியை வீட்டிலேயே வைத்துவிட்டீர்களா என்று ரொம்ப மரியாதையாக விசாரிப்பார்.

மாடி வீட்டில் இருந்த அவளுடைய அக்கா ஆஸ்பத்திரி நர்ஸ். தான் ஓய்வு பெறும் நாளில் எல்லாரும் சேர்ந்து நிற்கும் படத்தைத் தங்கச்சிதான் எடுப்பாள் என்று பெரிய டாக்டரிடம் அடித்துச் சொல்லிவிட்டாள். வீடியோவுக்குப் பீரங்கி வருகிறார் என்று பிறகுதான் தெரிந்தது. தன் மானம் போனால் போகிறது, அக்கா வாயை விட்டு மாட்டிக்கொண்டாளே என்றுதான் தங்கை லென்ஸை நீளமாகக் காட்ட வழி தேடினாள்.

குளியலறை வேலையில் மிஞ்சிய அரைச் சாண் பிளாஸ்டிக் குழாய்க்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து லென்ஸின் வாயில் செருகினாள். புருஷனை ஸ்டூலில் உட்காரவைத்து எடுத்துப் பார்த்தாள். மூக்கு நடுவில் ஜம்மென்று இருந்தது.

ஷிப்ட் மாறும் பத்து நிமிஷத்தில்தான் எல்லாரும் ஒன்றாக நிற்பார்கள். ஆஸ்பத்திரி வாசல் படிகளில் நாற்பது பேர். அக்காவை நடுவில் உட்காரச் சொன்னார்கள். அவளோ வார்டில் மணி அடித்தால் ஓட வசதி என்று வலது ஓரத்தில் போய் நின்றுகொண்டாள். பீரங்கி குழாயைப் பார்த்தார். மரியாதையாக ஒதுங்கி இடம் விட்டார். பாஸ்போர்ட்டம்மா நிமிர்ந்து நின்று பொத்தானை அமுக்கினாள்.

கேமராவின் திரையில் நடுவில் பெரிய டாக்டர் ஜோராக இருந்தார். ஓரங்களில் கும்மிருட்டு. ஒற்றை மூக்கு எடுக்கும்போது தலைகாட்டாத குழாய், அகலமாக எடுத்ததும் இருபுறமும் புகுந்துவிட்டது. அக்கா இருந்த இடத்தில் அக்கா இல்லை.

ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். முடிந்தது என்று சொல்லிவிட்டால் இன்றைக்கு யாருக்கும் தெரியப்போவதில்லை.

"யாரும் நகராதீங்க. இன்னொண்ணு எடுக்கணும்."

குழாயைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. திருகினாள். பொக்கென்று கழன்று, உருண்டு, பீரங்கியின் செருப்பில் முட்டி நின்றது. அவர் குனிந்து எடுத்து, உள்ளே கண்ணாடி இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அந்தப் பக்கம் தெரிந்தது பெரிய டாக்டர்.

"ஏன்டி, அது நம்ம பாத்ரூம் குழாய்தானே?" என்றாள் அக்கா.

சிரிப்பில் படிக்கட்டே குலுங்கிவிட்டது. காது சுட்டாலும் பாஸ்போர்ட்டம்மாவின் விரல் நிற்கவில்லை. அந்தச் சின்ன லென்ஸாலேயே எடுத்தாள். உடனே மணி அடித்தது, ஆளாளுக்கு ஓடினார்கள். ஆக, இருந்தது அந்த ஒரு படம்தான்.

பெரிய டாக்டருக்கு அத்தனை பல் உண்டு என்பது ஊருக்கு அதில்தான் தெரிந்தது. ஓரத்தில் அக்கா முழுசாக இருந்தாள், சிரித்த சிரிப்பில் கண் மட்டும் இடுங்கி மூடியிருந்தது. வேறு படத்திலிருந்து கண்ணை எடுத்து ஒட்டித் தரட்டுமா என்று தங்கை கேட்டாள்.

அக்கா படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"அந்த வாசல்ல முப்பது வருஷம் முழிச்சுக்கிட்டே நின்னாச்சு. இருக்கட்டும் விடு."