ஐந்தாம் எண் டப்பா

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, குளிருக்கு முன் ஜன்னல் இடுக்குகளில் காகிதம் ஒட்டியது. அம்மா கீற்றாக வெட்டினாள். நான் சோப்புத் தடவி ஒட்டினேன். ஒட்டுகளை நகத்தால் நீவிப் பார்த்தாள். முப்பத்தொரு வருடம் ஃபிலிம் ஒட்டிய நகம்.

"இங்க காத்து வருது, ஜோயா. இன்ஜினியர் வேலை இவ்வளவுதானா?"

"ஜன்னலே கோணல்மா."

"நல்ல சாக்கு."

பதினோரு நாள் கழித்து இறந்தாள். இருதயம். காகிதம் இன்னும் பிடித்திருக்கிறது.

கபித்தலீனா யெகோரவ்னா. யூரல் மலைப்பகுதியில் உள்ள எங்கள் ஊரின் தாமிர ஆலைக் கலாசார மாளிகையில் சினிமா ஆபரேட்டர்.

1989 பிப்ரவரியில் வந்த படத்துக்கு ஊரே காத்திருந்தது. பள்ளி, சங்கம், ஆலை எதிலும் நம்பிக்கை விட்டுப்போன ஒரு வெல்டர் பையனின் கதை. ஒன்பது ரீல். ஐந்தாவதில், சாப்பாட்டு மேஜையில் அப்பனிடம் கேட்கிறான்: "எல்லாம் பொய்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சே எனக்கு ஏன் சொல்லிக் குடுத்த?"

மாளிகையின் இயக்குநர் வலந்தீன் அர்கீப்பவிச் அதை முன்கூட்டிப் பார்த்து வியர்த்துப் போனார்.

"நாலு முடிஞ்சதும் ஆறைப் போட்டுடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"மாஸ்கோவே பாஸ் பண்ணின படம். எழுதிக் குடுங்க, போடல."

"எழுத்து எதுக்கு? போட்டீங்கன்னா திங்கள்லேர்ந்து கீழ வாசல்ல வர்றவங்க கோட்டை வாங்கி மாட்டிட்டு டோக்கன் குடுக்கற வேலை உங்களுக்கு."

அன்று வீட்டில் அம்மா சொன்னாள்: "அந்தக் கேள்விய எடுத்துட்டா மிச்சம் சிகரெட்டும் டான்ஸும்தான். அப்புறம் புள்ளைங்க காலிப்பசங்கன்னு இவரே சொல்லுவாரு."

எனக்குப் பத்தொன்பது வயது. அந்த வருடம் நான் வீட்டில் யாரோடும் அதிகம் பேசியதில்லை. சூப்பிலிருந்து தலையைத் தூக்கி, "என்ன கேள்வி?" என்றேன்.

சொன்னாள். பிறகு, செய்யப்போவதையும் சொன்னாள்.

சனிக்கிழமை இயக்குநர் தாமே மேலேறி வந்து, மூடியில் ஐந்து என்று எழுதிய டப்பாவை எடுத்துப்போய்த் தம் இரும்பு அலமாரியில் பூட்டினார். உள்ளே இருந்தது படத்துக்கு முன் ஓட வேண்டிய நியூஸ் ரீல். பீட்ரூட் அறுவடை. அம்மா மத்தியானமே மாற்றி வைத்துவிட்டாள். அவர் மூடியை மட்டும் படிப்பவர்.

ஒரு சிக்கல் இருந்தது. நியூஸ் ரீலை நம்பி எங்கள் ஊர் எப்போதும் பத்து நிமிடம் தாமதமாகத்தான் அரங்குக்குள் நுழையும். படம் நேராகத் தொடங்கினால் பாதிப் பேர் முதல் ரீலைத் தவறவிட்டுச் சண்டைக்கு வருவார்கள். குட்டு உடையும். அதற்குத்தான் நான். டிக்கெட் வரிசை முழுக்க நடந்து, "இன்னிக்கு நியூஸ் ரீல் இல்ல, சீக்கிரம் உள்ள போங்க" என்று காதில் சொன்னேன். ஆறு மணிக்கு அரங்கம் நிரம்பியது. கேண்டீனில் ரொட்டி வாங்க ஆளில்லை.

இயக்குநர் வழக்கம்போல் பத்து நிமிடம் கழித்து வந்தார். ஓடும் படத்தைப் பார்த்துத் தம் கைக்கடிகாரத்தைத் தட்டினார். உட்கார்ந்தார்.

ஐந்தாம் ரீல் தொடங்கியதும் மாடிக்கு ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"கதவத் திறங்க!"

"படம் ஓடும்போது திறக்கக் கூடாது. தீ விபத்து விதி. கதவுலயே ஒட்டியிருக்கு, படிங்க. கீழ உங்க கையெழுத்துதான்."

"கபித்தலீனா! அஞ்சாவது என் அலமாரியில இருக்கு!"

"அப்போ இங்க ஓடறது என்னவாம்?"

கீழே திரையில் பையன் அந்தக் கேள்வியைக் கேட்டான். நானூறு பேரில் ஒருவர்கூட இருமவில்லை.

ஃபிலிம் அறுந்தால் "பூட்ஸ் தைக்கப் போ!" என்று கத்தத்தான் எங்கள் ஊர் ஆபரேட்டர் அறை ஜன்னலைத் திரும்பிப் பார்க்கும். அன்று படம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து அந்தப் பக்கம் திரும்பிக் கை தட்டினார்கள். "காப்பா அத்தை, இன்னொரு தடவை!" என்று அம்மாவின் செல்லப் பெயரைச் சொல்லிக் கத்தினான் வேலைச் சட்டையோடு வந்த ஒருவன். அம்மா ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். கையில் எண்ணெய்க் கறை.

இயக்குநரால் புகார் எழுத முடியவில்லை. அனுமதி பெற்ற படத்தை நிறுத்தப் பார்த்து, பீட்ரூட்டைப் பூட்டி வைத்தேன் என்றல்லவா எழுத வேண்டும்! படம் எட்டு நாள் ஓடியது. அம்மா கீழே கோட்டு மாட்டும் வேலைக்குப் போகவே இல்லை. இன்னும் பதினோரு வருடம் அந்த அறையில் படம் ஓட்டினாள்.

இயக்குநர் ஓய்வு பெற்ற நாளில் அந்த இரும்பு அலமாரிச் சாவியை அம்மாவிடம் நீட்டினார். டப்பா அப்படியே இருந்தது. வட்டார ஃபிலிம் கிடங்குக்குத் திருப்ப வேண்டியது. அதற்குள் கிடங்கை மூடிவிட்டார்கள். இப்போது அங்கே டைல்ஸ் விற்கிறார்கள்.

ஜன்னலில் காகிதம் ஒட்டிய அன்று, வீட்டு அலமாரி மேலிருந்து அம்மா அந்த டப்பாவை இறக்கித் துடைத்தாள்.

"திங்கக்கிழமை இதக் கொண்டு போய்க் குடுத்துடணும்."

"எங்கேம்மா?"

"விசாரிச்சா சொல்லுவாங்க."

மூடியில் ஐந்துக்குக் கீழே பென்சிலில் அவள் கையெழுத்து: திருப்பித் தர வேண்டும்.